பள்ளி மாவட்டத்தின் தேர்வு முடிவு: அந்த ஒற்றைச் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

"கணக்கில் எங்கள் டிஸ்ட்ரிக்ட் 62 சதவீதம், பக்கத்து டிஸ்ட்ரிக்ட் 71. அப்படியானால் அங்கேதானே வீடு பார்க்க வேண்டும்?" அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களுக்குள் அடிக்கடி எழும் கேள்வி இது. சேமிப்பு முழுவதையும் எந்த ஊரில் போடுவது என்பதையே பல குடும்பங்கள் இப்படிப்பட்ட இரண்டு எண்களை வைத்து முடிவுசெய்கின்றன. ஆனால் அந்த 62 எதைக் குறிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மாணவர்களின் சராசரி மார்க் என்பார் ஒருவர். மீதி 38 சதவீதம் பேர் ஃபெயில் என்பார் இன்னொருவர். ஆசிரியர்களின் தரத்துக்குக் கிடைத்த மார்க் என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துவிட்டால், எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது பிடிபடும்.

## தேர்வை நடத்துவது யார்?

பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு. அந்தப் பகுதி ஒரு சிற்றூராகவும் இருக்கலாம், ஒரு பெருநகரமாகவும் இருக்கலாம், சில மாநிலங்களில் ஒரு முழு கவுன்டியாகவும் (பல ஊர்கள் அடங்கிய நிர்வாகப் பகுதி) இருக்கலாம். நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் உண்டு. பாடம் நடத்துவது, ஆசிரியர்களை நியமிப்பது எல்லாம் மாவட்டத்தின் வேலை. ஆண்டுத் தேர்வு மட்டும் மாநிலத்தினுடையது.

தேர்வு வைத்தே தீர வேண்டும் என்று சொல்வது ஃபெடரல் சட்டம். 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைன்ட்' சட்டம், 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் மொழி, கணக்கு இரண்டிலும் தேர்வைக் கட்டாயமாக்கியது. அறிவியலுக்கு தொடக்க, நடு, உயர்நிலைகளில் தலா ஒரு முறை. 2015 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' சட்டம் இந்தத் தேர்வுகளை அப்படியே வைத்துக்கொண்டு, முடிவுகளை வைத்துப் பள்ளிகளை என்ன செய்வது என்பதில் மட்டும் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது.

எந்தத் தேர்வு என்பதை மாநிலம் முடிவு செய்யும். டெக்சஸில் ஸ்டார், மாசசூசெட்ஸில் எம்காஸ், கலிஃபோர்னியாவில் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்ட் என்று மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இவை தரப்படுத்தப்பட்ட தேர்வுகள்: அதாவது, ஒரே விதிமுறைகளின் கீழ் நடத்தி, ஒரே முறையில் திருத்தி, முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்படி அமைத்தவை. அந்த ஒப்பீடு மாநில எல்லைக்குள்தான் செல்லும். டெக்சஸ் மாவட்டத்தின் சதவீதத்தை நியூஜெர்சி மாவட்டத்தின் சதவீதத்தோடு வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

## சுவரில் ஒரு கோடு

ஒரு வகுப்பறைச் சுவரில் தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுகிறோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கோட்டைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். நூறு பேரில் 62 பேர் என்றால் 62 சதவீதம்.

இந்த எண் பிள்ளைகளின் சராசரி உயரத்தைச் சொல்லாது. கோட்டைத் தொடாதவன் அரை சென்டிமீட்டர் குறைவா, இருபது சென்டிமீட்டர் குறைவா என்பதும் தெரியாது. கோட்டை 125-க்கு இறக்கினால், ஒரு பிள்ளையும் வளராமலே சதவீதம் ஏறிவிடும். குள்ளமான சிலர் அன்று வராமல் போனாலும் ஏறும். அந்தப் பிள்ளைகள் இந்த வகுப்புக்கு வரும்போதே என்ன உயரம் இருந்தார்கள், வந்த பிறகு எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பள்ளி மாவட்டத்தின் 62 சதவீதமும் இப்படிப்பட்ட எண்தான். இதைத் தகுதி விகிதம் என்று அழைப்போம்: மாநிலம் போட்ட கோட்டைத் தொட்ட அல்லது தாண்டிய மாணவர்களின் சதவீதம். இனி அந்தக் கோடு, கோட்டருகே நிற்பவர்கள், தொடக்க உயரம், வந்தவர்களும் வராதவர்களும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## கோட்டைப் போடுவது எப்படி?

மாணவர் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினார் என்ற எண்ணிக்கை அப்படியே வெளியே வராது. அதை அளவுகோல் மதிப்பெண்ணாக மாற்றுகிறார்கள். இந்த ஆண்டு வினாத்தாள் சற்றுக் கடினம், போன ஆண்டு சற்று எளிது என்றாலும் ஒரே திறமைக்கு ஒரே மதிப்பெண் வரும்படி சரிசெய்த எண் அது. இதற்காக முந்தைய தேர்வுகளில் வந்த சில கேள்விகளைப் புதிய தாளிலும் சேர்க்கிறார்கள். அவற்றில் மாணவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை வைத்து இரண்டு தாள்களின் கடினத்தையும் ஒப்பிடுவார்கள். அதனால்தான் ஓர் ஆண்டு 30 கேள்வி சரியாகச் செய்தவருக்குக் கிடைத்த மதிப்பெண், இன்னோர் ஆண்டு 28 சரியாகச் செய்தவருக்குக் கிடைக்கிறது. இதில் முறைகேடு ஒன்றும் இல்லை.

மாசசூசெட்ஸின் அளவுகோல் 440-இல் தொடங்கி 560-இல் முடிகிறது. 470, 500, 530 ஆகிய மூன்று இடங்களில் கட்-ஆஃப் வைத்து, மாணவர்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 500-ஐத் தொட்டவர் 'எதிர்பார்ப்பை எட்டியவர்'. தகுதி விகிதம் என்பது மேல் இரண்டு நிலைகளின் கூட்டுத்தொகை. 499 வாங்கியவர் அதில் சேர மாட்டார்.

அந்த 500 எங்கே உட்கார வேண்டும் என்பதை மனிதர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், தேர்வின் கேள்விகளை எளியதிலிருந்து கடினமானது வரை அடுக்கி ஒரு கையேடாக ஆசிரியர் குழுவிடம் கொடுப்பார்கள். 'தகுதி நிலையின் வாசலில் நிற்கும் ஒரு மாணவர், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடு சரியாகச் செய்யக்கூடிய கடைசிக் கேள்வி எது?' என்று யோசித்து ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தில் ஓர் அடையாளச் சீட்டு வைப்பார்கள். விவாதித்து, மாற்றி, மீண்டும் வைப்பார்கள். பல சுற்றுகளுக்குப் பின் வரும் பரிந்துரையை மாநிலக் கல்வித் துறை ஏற்கலாம், திருத்தலாம். அனுபவம் வாய்ந்தவர்கள் அக்கறையோடு செய்யும் வேலைதான். ஆனாலும் அது ஒரு தீர்ப்பு. தண்ணீரின் கொதிநிலையைப் போல இயற்கையில் இருந்து கண்டுபிடித்த எண் அல்ல.

அந்தத் தீர்ப்பு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலம் தெளிவான சாட்சி. 2012-இல் அங்கே 3 முதல் 8 வரையிலான மாணவர்களில் மொழியில் 55 சதவீதத்தினரும் கணக்கில் ஏறத்தாழ 65 சதவீதத்தினரும் தகுதி நிலையில் இருந்தார்கள். 2013-இல் இரண்டுமே 31 சதவீதத்துக்கு வந்துவிட்டன. ஓராண்டில் பிள்ளைகள் மந்தமாகிவிடவில்லை, ஆசிரியர்கள் பாடத்தை மறக்கவுமில்லை. புதிய பாடத்திட்டத்துக்கான கடினமான தேர்வும் உயர்த்தப்பட்ட கட்-ஆஃபும் வந்தன, அவ்வளவுதான். இந்த மாற்றம் தெரியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெற்றோர் பதறியதில் வியப்பில்லை.

மாநிலங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அதற்கு உதவும் ஒரு தேசியத் தேர்வு இருக்கிறது: 1969-இல் தொடங்கிய நேப். 4, 8 ஆம் வகுப்புகளில் ஒரு மாதிரிக் குழுவினர் மட்டும் எழுதுவார்கள், தனி மாணவருக்கு மார்க் கிடையாது. அதில் 'புரொஃபிஷியன்ட்' என்ற நிலை, வகுப்புக்குரிய தரத்தை எட்டினால் போதும் என்பதைவிட உயர்ந்த இலக்கு. பெரும்பாலான மாநிலங்களின் தகுதிக் கோடு நேப் அளவுகோலில் அதற்குக் கீழே உள்ள 'பேசிக்' நிலைக்குள்தான் விழுகிறது. "நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது" என்று பரவும் செய்திகளில் பல, இந்த இரண்டு கோடுகளையும் குழப்பிக்கொண்டதால் வருபவை.

இதுவரை பார்த்ததைச் சொன்னால்: தகுதி விகிதம் என்பது மாநிலம் தீர்மானித்த ஒரு கோட்டைத் தொட்டவர்களின் சதவீதம். மாநிலம் மாறினாலும், தேர்வு மாறினாலும், கட்-ஆஃப் மாறினாலும் பழைய ஒப்பீடு செல்லாது.

## கோட்டருகே நிற்கும் பிள்ளைகள்

மாசசூசெட்ஸ் அளவுகோலிலேயே இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி போன ஆண்டு 455, இந்த ஆண்டு 494. பெரிய பாய்ச்சல். இன்னொருவன் 498-இலிருந்து 501-க்கு வந்திருக்கிறான். மாவட்டத்தின் தகுதி விகிதத்தில் முதல் மாணவியின் உழைப்பு பூஜ்யமாகவே பதிவாகும், இரண்டாமவனின் மூன்று புள்ளி முழு வெற்றியாகப் பதிவாகும். 540-இலிருந்து 510-க்குச் சரிந்த ஒரு மாணவர் இருந்தால் அவரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சதவீதத்தை விரைவாக ஏற்ற வேண்டும் என்ற அழுத்தம் வந்தால், கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு வைப்பதுதான் பள்ளிக்கு எளிதான வழி. அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள். இதைத் தடுக்க விரும்பும் பெற்றோர் மாவட்டத்தின் பள்ளி வாரியக் கூட்டத்தில் கேட்க வேண்டியது தகுதி விகிதத்தை அல்ல, சராசரி அளவுகோல் மதிப்பெண்ணையும் நான்கு நிலைகளிலும் எத்தனை பேர் என்ற விவரத்தையும். கடைசி நிலையில் இருப்பவர்கள் குறைகிறார்களா என்பது, மொத்தச் சதவீதத்தைவிட நல்ல செய்தியைச் சொல்லும்.

## தொடக்க உயரமும் வளர்ச்சியும்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். மூன்றாம் வகுப்பு மாணவரின் மதிப்பெண்ணில் அந்த ஆண்டின் பாடம் மட்டும் இல்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட பேச்சு, படித்துக் காட்டிய கதை, பாலர் பள்ளி, சத்தான சாப்பாடு, அடிக்கடி வீடு மாறாத வாழ்க்கை எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. அதனால் மாவட்டங்களின் தகுதி விகிதம் அங்குள்ள குடும்பங்களின் வருமானத்தோடும் பெற்றோரின் படிப்போடும் மிக நெருக்கமாக ஒட்டி ஓடுகிறது. வசதியான ஊரின் 80 சதவீதத்தில் எவ்வளவு பள்ளி தந்தது, எவ்வளவு வீட்டிலிருந்தே வந்தது என்பதை அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க உதவுவது வளர்ச்சி அளவீடு: அதே மாணவர் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட எவ்வளவு முன்னேறினார் என்பது. பல மாநிலங்கள் பயன்படுத்தும் முறை, மாணவர் வளர்ச்சி பெர்சென்டைல். கொலராடோ உருவாக்கிய இதை மாசசூசெட்ஸ், நியூஜெர்சி போன்றவையும் எடுத்துக்கொண்டன. ஒரு மாணவியை, முந்தைய ஆண்டுகளில் அவளைப் போலவே மதிப்பெண் வாங்கிய மாநில மாணவர்களோடு மட்டும் ஒப்பிடுவார்கள். அவர்களில் 70 சதவீதத்தினரைவிட இந்த ஆண்டு அதிகம் வாங்கியிருந்தால் அவள் வளர்ச்சி 70. மாநிலம் முழுவதும் நடுநிலை 50. ஒரு பள்ளியின் எண் தொடர்ந்து 50-க்கு மேல் நன்றாக நிற்கிறது என்றால், அங்கே பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கற்கிறார்கள்.

சிகாகோவைப் பாருங்கள். அந்த மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் நாட்டின் சராசரிக்குக் கீழே என்பதால், தோற்றுப்போன பள்ளிகள் என்ற பெயர் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017-இல் வெளியிட்ட ஆய்வு 2009 முதல் 2014 வரையிலான முடிவுகளை வகுப்பு வகுப்பாகப் பின்தொடர்ந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போகும் ஐந்து ஆண்டுகளில், சிகாகோ மாணவர்கள் ஆறு ஆண்டுகளுக்குரிய வளர்ச்சி பெற்றிருந்தார்கள். மாணவர்கள் தாழ்ந்த இடத்தில் தொடங்குகிறார்கள், ஆனால் பள்ளிக்குள் நுழைந்த பின் வேகமாக வளர்கிறார்கள். தகுதி விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆசிரியர்களின் உழைப்பு கடைசி வரை தெரியாது. அது நியாயமே இல்லை.

வளர்ச்சி எண்ணுக்கும் எல்லை உண்டு. முந்தைய தேர்வு வேண்டும் என்பதால் பெரும்பாலும் நான்காம் வகுப்பிலிருந்துதான் கணக்கிட முடியும். மூன்றாம் வகுப்போடு முடியும் தொடக்கப் பள்ளிக்கு அது இருக்காது. ஒரே ஆண்டின் எண் நிறைய ஆடும். குறைந்தது மூன்று ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: தகுதி விகிதம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காட்டும். பள்ளி அவர்களை எவ்வளவு நகர்த்தியது என்பதை வளர்ச்சி எண் ஓரளவு காட்டும்.

## யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை?

குறைந்தது 95 சதவீத மாணவர்கள் தேர்வு எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. நியூயார்க்கில் 2015-இல் பெற்றோரே எதிர்ப்புத் தெரிவித்து, தேர்வு எழுத வேண்டிய மாணவர்களில் சுமார் 20 சதவீதத்தினரை எழுத விடவில்லை. கொரோனா காரணமாக 2020 வசந்த காலத் தேர்வுகள் நாடு முழுவதும் நடக்கவில்லை. 2021-இல் பல இடங்களில் பாதி வகுப்புதான் எழுதியது. இந்த ஆண்டுகளை நடுவில் வைத்து 'முன்னேற்றம்' 'சரிவு' என்று கோடு இழுப்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

ஒரே மாவட்டத்துக்கு மாநில இணையதளத்தில் இரண்டு வேறு தகுதி விகிதங்கள் தெரிவதற்கும் இதுதான் ஒரு காரணம். பதிவான மாணவர்கள் 1,000, எழுதியவர்கள் 800, கோட்டைத் தொட்டவர்கள் 480 என்று வைப்போம். எழுதியவர்களில் பார்த்தால் 60 சதவீதம். ஆனால் பள்ளிகளை மதிப்பிடும் கணக்கில் வகுக்கும் எண் 950-க்குக் குறையக் கூடாது என்பது 2015 சட்டத்தின் விதி. அந்தக் கணக்கில் அதே மாவட்டம் 50.5 சதவீதம். இரண்டும் உண்மைதான், கேள்விதான் வேறு.

## எல்லோரும் ஏறினாலும் மொத்தம் இறங்கும்

முடிவுகளை உட்குழுக்களாகப் பிரித்தும் வெளியிட வேண்டும்: இனம், வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்று. இந்தப் பிரிப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும்.

முதல் ஆண்டு: 1,000 மாணவர்கள். ஆங்கிலம் சரளமாக உள்ள 800 பேரில் 70 சதவீதம், அதாவது 560 பேர் தகுதி. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் 200 பேரில் 20 சதவீதம், 40 பேர். மொத்தம் 600; 60 சதவீதம்.

சில ஆண்டுகள் கழித்து: முதல் குழு 700 பேராகக் குறைந்து, 72 சதவீதம், 504 பேர் தகுதி. இரண்டாம் குழு 300 பேராகப் பெருகி, 24 சதவீதம், 72 பேர். மொத்தம் 576, 57.6 சதவீதம்.

இரண்டு குழுவும் முன்னேறியிருக்கிறது. ஆனால் செய்தித் தலைப்பு 'மாவட்டத்தின் தேர்வு முடிவு சரிவு' என்று வரும். குடியேறிய குடும்பங்கள் புதிதாக வந்து சேரும் ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது, பழி அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் மேலேயே விழுகிறது.

ஆங்கிலம் கற்போர் குழுவைப் படிக்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார், இப்போதுதான் வந்த பிள்ளை உள்ளே வருகிறார். எனவே குழுவின் விகிதம் எப்போதும் தாழ்வாகவே தெரியும். வெளியேறியவர்களை நான்கு ஆண்டுகள் வரை அதே குழுவில் சேர்த்துக் கணக்கிட மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. உங்கள் மாநிலம் அப்படிச் செய்கிறதா என்று பாருங்கள்.

சிறிய பள்ளி என்றால் தற்செயலும் விளையாடும். மூன்றாம் வகுப்பில் 60 பேர் மட்டும் இருந்தால், ஒரு பிள்ளையின் முடிவே 1.7 சதவீதப் புள்ளி. தவிர, போன ஆண்டு மூன்றாம் வகுப்பும் இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பும் வெவ்வேறு பிள்ளைகள். பள்ளியில் எதுவுமே மாறாவிட்டாலும் எட்டு, ஒன்பது புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். குழு மிகச் சிறியதாக இருந்தால் மாநிலம் எண்ணையே மறைத்து ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டிருக்கும். மாணவர்களின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக.

## எண்ணே பொய்யாகும் நேரம்

எண்ணின் மேல் சுமத்தும் பாரம் அதிகமானால் எண் கெடும். அட்லான்டா மாவட்டத்தின் 2009 தேர்வில், தவறான விடைகளை அழித்துச் சரியானதாக மாற்றிய தடயங்கள் அளவுக்கு மீறி இருந்தன. 2011-இல் மாநில விசாரணை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகவும் 178 கல்வியாளர்கள் சம்பந்தப்பட்டிருப்பதாகவும் அறிவித்தது. 2015-இல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. இதில் உண்மையில் இழந்தவர்கள் பிள்ளைகள்: மதிப்பெண் நன்றாகத் தெரிந்ததால், கிடைக்க வேண்டிய கூடுதல் உதவி அவர்களுக்குக் கிடைக்காமல் போனது.

## இனி எதைப் பார்ப்பது?

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'ரிப்போர்ட் கார்டு' ஒன்று மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு விற்கும் தளங்களில் பத்துக்கு எத்தனை என்று தெரியும் எண்ணை ஒதுக்கிவிட்டு, நேராக அங்கே போங்கள். முதலில் பங்கேற்பு விகிதம். அது 90-க்குக் கீழே என்றால் மற்ற எண்களைக் கவனமாகத்தான் கையாள வேண்டும். அடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் தேர்வோ கட்-ஆஃபோ மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் உங்கள் மாவட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மாநிலம் முழுவதன் ஏற்ற இறக்கத்தோடு மட்டும் ஒப்பிடலாம். பிறகு வளர்ச்சி எண். அதன் பின் உங்கள் பிள்ளை சேரக்கூடிய உட்குழு, அதே குழு ஒத்த வருமானமுள்ள மற்ற மாவட்டங்களில் எப்படிச் செய்கிறது என்பது.

வருமானக் குழுவை மட்டும் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள். இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ளவர்களே பல இடங்களில் 'வசதி குறைந்தோர்' என்று எண்ணப்பட்டார்கள். ஆனால் வறுமை அதிகமுள்ள பள்ளிகள் எல்லோருக்குமே இலவச உணவு தர அனுமதி வந்த பிறகு, சில இடங்களில் பள்ளி முழுவதுமே அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் உங்கள் பிள்ளையின் தனி அறிக்கையிலும் இதே கவனம் தேவை. மதிப்பெண்ணைச் சுற்றி ஒரு சிறு பட்டையோ 'இந்த எல்லைக்குள்' என்ற குறிப்போ பெரும்பாலும் இருக்கும். அதுதான் பிழை வரம்பு: அதே பிள்ளை இன்னொரு நாள் அதே தரத்தில் வேறு தாள் எழுதினால் மதிப்பெண் எவ்வளவு நகரக்கூடும் என்ற மதிப்பீடு. அந்தப் பட்டை கட்-ஆஃப் கோட்டை இருபுறமும் தழுவி நின்றால், 'எட்டினார்' 'எட்டவில்லை' என்ற சொல்லுக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். 'பின்னம்', 'வடிவியல்' என்று பிரித்துக் காட்டும் சிறு மதிப்பெண்கள் சில சமயம் ஐந்தாறு கேள்விகளை மட்டும் நம்பியிருக்கும். அதை வைத்து உடனே டியூஷனில் சேர்க்காமல், அந்த ஆண்டின் வகுப்புப் பயிற்சித் தாள்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, அதே பின்னக் கணக்குகளில் பிள்ளை எங்கே தடுமாறியிருக்கிறது என்று அறிக்கையையும் அந்தத் தாள்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.